புதியது என்று சொல்லி விற்ற ஏசி கம்ப்ரசர்: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், குடியாத்தம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: கார் ஏசி கம்ப்ரசர் 19 நாளில் பழுதானது, வாரண்டி மறுக்கப்பட்டது தொடர்பாக.

ஐயா,

ஏப்ரல் 9-ஆம் தேதி என் 2016 மாடல் காருக்காகத் தங்களிடம் 14,800 ரூபாய் கொடுத்து ஏசி கம்ப்ரசர் (குளிரூட்டும் கேஸை அழுத்தி ஓடவிடும் பாகம்) வாங்கினேன். பில்லில் ‘புதியது, 6 மாத வாரண்டி’ என்று இருக்கிறது. பூட்டி 19 நாள்தான் ஓடியது. வாரண்டி கேட்டால், “வீட்டிலேயே பூட்டியிருக்கிறீர்கள், அதனால் செல்லாது” என்று ஒரே வரியில் பதில் வந்தது. இதை நான் ஏற்கவில்லை. வாரண்டி அட்டையை இரண்டு பக்கமும் வரி விடாமல் படித்துவிட்டேன். ஒர்க்‌ஷாப்பில்தான் பூட்ட வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

வீட்டில் பூட்டியது உண்மைதான். ஆனால் ஏனோதானோ என்று பூட்டவில்லை. என் மச்சான் ஆம்பூரில் பன்னிரண்டு வருடமாகக் கார் ஏசி வேலை பார்ப்பவர். பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் மெஷின் வைத்து உறிஞ்சி எடுத்தார். பழைய கம்ப்ரசரில் போயிருந்தது ஷாஃப்ட் சீல் (சுழலும் தண்டைச் சுற்றிக் கசியாமல் அடைப்பது) மட்டும்தான். உள்ளே எதுவும் தேயவில்லை, ஆயிலில் ஒரு துளி இரும்புத் தூள் இல்லை. அப்படியிருந்தும் கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சரையும் பைப்புகளையும் ஃப்ளஷ் செய்து கழுவி நைட்ரஜன் விட்டு ஊதினோம். ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும், இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் வளையங்களையும் மாற்றினோம். 45 நிமிடம் வேக்வம் பம்ப் போட்டு உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் எடுத்தோம். பம்பை நிறுத்திய பிறகு அரை மணி நேரம் கேஜையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், முள் அசையவில்லை, அதாவது எங்கும் கசிவு இல்லை. அப்புறம்தான் பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் அளவுப்படி 430 கிராம் ஆர்-134ஏ கேஸை எடை போட்டு ஏற்றினோம். இதில் எது தப்பு என்று சொல்லுங்கள்.

பெட்டியைப் பிரித்த அன்றே சந்தேகம் வந்தது. புது கம்ப்ரசரின் மூடியைக் கழற்றினால் உள்ளே அடைத்து அனுப்பிய வாயு ‘புஸ்’ என்று வருவது வழக்கம். இதில் வரவில்லை. மேலே 120 மி.லி. ஆயில் என்று எழுதியிருந்தது. என் மகளின் பழைய பால் பாட்டிலில் கவிழ்த்துப் பார்த்தோம்; 70-ஐத் தொடவில்லை, டிகாஷன் நிறத்தில் இருந்தது. உடனே உங்கள் சேவை எண்ணுக்குப் பேசினேன். “மிச்சம் உள்ளே ஒட்டியிருக்கும் சார், பயப்படாமல் பூட்டுங்கள்” என்றார்கள். அந்த வார்த்தையை நம்பினேன். இருந்த ஆயிலைக் கொட்டிவிட்டு, பெட்டியில் குறிப்பிட்ட அதே கிரேடில் புது ஆயில் 120 மி.லி. விட்டு, அது உள்ளே பரவுவதற்காகக் கம்ப்ரசரின் கிளட்ச்சைக் கையால் பத்துப் பதினைந்து சுற்று சுற்றிய பிறகே பூட்டினோம்.

இந்தக் காரில் ஏசி எனக்குச் சொகுசு இல்லை. அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் வேலூரில் டயாலிசிஸ். அவர் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டர் அளவு சொல்லியிருக்கிறார். கத்திரி வெயிலில் தாகம் எடுத்தாலும் நினைத்தபடி குடிக்க முடியாது. மே மாதம் ஒரு நாள் சிகிச்சை முடிந்து திரும்பும்போது, கே.வி.குப்பத்தைத் தாண்டியதும் கம்ப்ரசர் கரகரவென்று அரைத்து நின்றது. மணி இரண்டு. கண்ணாடியை இறக்கினால் அனல் அடித்தது. அப்பா நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டே வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. குடியாத்தம் வந்து சேருகிற வரைக்கும் நான் பின்பார்வைக் கண்ணாடியில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் கழற்றினோம். ஆயில் கறுத்துப்போய், வெள்ளைத் துணியில் ஊற்றினால் வெள்ளிப் பொடி தூவியது போல மின்னியது; உள்ளே உலோகம் தேய்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அதைவிட முக்கியம், இன்ஜின் சூட்டில் உங்கள் ஸ்டிக்கரின் ஒரு மூலை சுருண்டு எழுந்திருந்தது. நகத்தால் தூக்கினேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர்! சுரண்டியது போக ‘2017’ என்ற எண் மட்டும் மிச்சம். நாங்கள் பயன்படுத்தாத போல்ட் துளை ஒன்றைச் சுற்றி வாஷர் அழுந்திய வட்டத் தடம் இருக்கிறது, அதன் மேலேயே கறுப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறது. ஏற்கெனவே வேறு ஏதோ வண்டியில் ஓடிய பொருள் இது.

பழையதைச் சரிசெய்த ரீகண்டிஷன் சரக்கு விற்பதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லி, அதற்கு உரிய விலை போட்டிருந்தால், வாங்குவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்திருப்பேன். புதியது என்று பில் போட்டுவிட்டு, கேட்டால் பூட்டியவன் மேல் பழி போடுவதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பன்னிரண்டு வருடம் இந்தத் தொழிலில் நல்ல பெயர் எடுத்த என் மச்சானுக்கும் இது அவமானம்.

கம்ப்ரசர் விலை 14,800 ரூபாய், இரண்டாம் முறை மாற்ற வேண்டிய டிரையர், ஆயில், கேஸ் செலவு 3,100 ரூபாய், மொத்தம் 17,900 ரூபாயை 15 நாளுக்குள் திருப்பித் தாருங்கள். மாற்றுக் கம்ப்ரசர் வேண்டாம். அந்தப் பழைய ஸ்டிக்கர் எப்படி வந்தது என்று எழுத்தில் விளக்கமும் வேண்டும். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டு, வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம்; 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

பில், வாரண்டி அட்டை நகல்களையும் ஒன்பது புகைப்படங்களையும் இணைத்திருக்கிறேன். கம்ப்ரசரைக் கூரியரில் அனுப்பச் சொல்லாதீர்கள், அனுப்ப மாட்டேன். ஸ்டிக்கர் பாதி உரிந்த நிலையிலேயே துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் யாரையாவது அனுப்புங்கள். செவ்வாய், வியாழன், சனி தவிர மற்ற நாட்களில் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
குடியாத்தம்.