சம்ப் பம்ப் வாரண்டி மறுப்பு: பொருத்தியதில் உள்ள குறை பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: "டிரை ரன்" (பம்ப் நீரில்லாமல் ஓடியது) என்று காரணம் காட்டி வாரண்டி மறுத்ததை மறுபரிசீலனை செய்யக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வீட்டின் கீழ்த்தளத்தில் ஊறும் நீர் சேரும் குழியிலிருந்து (சம்ப்) அதை வெளியேற்றும் பழைய பம்பை உங்கள் ஆட்களே கழற்றி, புதியதைப் பொருத்தினார்கள். வாரண்டிக் காலம் முடியும் முன்பே அது நீர் இறைப்பதை நிறுத்திவிட்டது. தண்ணீர் இல்லாமல் ஓடியதால் மெக்கானிக்கல் சீல் (மோட்டாருக்குள் நீர் புகாமல் தடுக்கும் அடைப்பு) கருகி, மோட்டாருக்குள் ஈரம் புகுந்துவிட்டது, இது பயன்படுத்தியவரின் தவறு என்று உங்கள் சர்வீஸ் ரிப்போர்ட் சொல்கிறது. ஆனால் அதே ரிப்போர்ட்டின் முதல் வரியில், வந்து பார்த்தபோது பம்ப் முழுக்க நீரில் மூழ்கியிருந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மோட்டார் ஓடுகிறது, நீர் ஏறவில்லை, சம்ப் நிறைந்து கிடக்கிறது, சீல் மட்டும் வறண்டு கருகியிருக்கிறது. இந்த நான்கும் ஒருசேர நடந்தால் காரணம் பெரும்பாலும் ஏர் லாக்தான், அதாவது பம்புக்குள் காற்று அடைபடுவதுதான்.

ஏர் லாக் எப்படி வருகிறது என்பது உங்கள் டெக்னீஷியன்களுக்குத் தெரியாமல் இருக்காது. நீர்மட்டம் இறங்கும்போது இம்பெல்லர் (நீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) அறைக்குள் காற்று நுழைகிறது. மேலே, நீரைத் திரும்பி இறங்க விடாத நான்-ரிட்டர்ன் வால்வு மூடியிருக்கிறது. அதன் மேல் டெலிவரி பைப்பில் நிற்கும் நீரின் எடை அதை அழுத்திப் பிடித்திருக்கிறது. சம்பில் மறுபடி நீர் ஏறும்போது அந்தக் காற்று வெளியேற வழியில்லை. காற்றைச் சுழற்றும் இம்பெல்லரால் வால்வைத் திறக்கும் அழுத்தத்தைக் கொடுக்க முடியாது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், சீலுக்குக் குளிர்ச்சி கிடைக்காது.

இதைத் தடுக்கத்தான் பம்புக்கும் வால்வுக்கும் நடுவே டெலிவரி பைப்பில் சுமார் 3 மி.மீ. துளை போடுவது வழக்கம். பழைய பைப்பில் அந்தத் துளை இருந்தது. உங்கள் ஆட்கள் அந்தத் துண்டையே அறுத்தெடுத்துவிட்டு, துளையில்லாத புதுப் பைப்பை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த மாடலின் உடலிலும் காற்று போகும் துளை கிடையாது. அறுத்தெடுத்த பழைய துண்டின் படத்தையும் புதுப் பைப்பின் படத்தையும் இணைத்திருக்கிறேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

இரண்டாவது குறை ஃப்ளோட் சுவிட்ச், அதாவது நீர்மட்டத்துக்கேற்ப மோட்டாரை ஓட்டி நிறுத்தும் மிதவை. சம்பின் விட்டம் 45 செ.மீ. அதில் 1 செ.மீ. உயரத்துக்கு ஏறக்குறைய 1.6 லிட்டர் நீர் பிடிக்கும். ஃப்ளோட்டின் கேபிளை மிகக் குட்டையாகக் கட்டியதால், ஆன் மட்டத்துக்கும் ஆஃப் மட்டத்துக்கும் 5 செ.மீ. கூட இடைவெளி இல்லை. ஒவ்வொரு முறையும் 8 லிட்டருக்குள் இறைத்து நின்று, உடனே மறுபடி ஓடுகிறது. மோட்டார் ஸ்டார்ட் ஆகும் ஒவ்வொரு தடவையும் பாயும் கூடுதல் மின்னோட்டம்தான் கெப்பாசிட்டரையும் மோட்டாரின் கம்பிச் சுற்றையும் (வைண்டிங்) தேய்க்கிறது. 15 செ.மீ. இடைவெளி விட்டிருந்தால் ஒரு முறைக்கு 24 லிட்டர் போயிருக்கும், ஸ்டார்ட்டுகள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். கேபிளை நீளமாக விட்டால் ஃப்ளோட் சுவரிலோ பைப்பிலோ சிக்கும் என்று சொல்வீர்களானால், இவ்வளவு குறுகிய சம்புக்கு நிமிர்ந்து ஏறி இறங்கும் வகை ஃப்ளோட்டைத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

பம்பை வண்டல் படிந்த தரையிலேயே வைத்ததையும் குறிப்பிடுகிறேன். அடியில் ஒரு செங்கல்லோ கான்கிரீட் பலகையோ போட்டிருந்தால் ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) இவ்வளவு சீக்கிரம் அடைத்திருக்காது.

உங்கள் கையேடு பராமரிப்புக்கு ஒதுக்கியிருப்பது "ஆண்டுக்கொரு முறை சர்வீஸ்" என்ற ஒரே வரி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பக்கெட் நீரை ஊற்றி, ஃப்ளோட் எழுந்து மோட்டார் ஓடி நிற்கிறதா என்று பார்ப்பது, ஸ்ட்ரெய்னரைக் கழுவுவது, வால்வின் மூடியில் கல் சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பது, பம்பைக் கேபிளைப் பிடித்துத் தூக்காமல் கைப்பிடியைப் பிடித்துத் தூக்குவது, எதைத் தொடுவதற்கு முன்பும் பிளக்கைக் கழற்றுவது: இவையெல்லாம் அதில் இருக்க வேண்டியவை. பைப்பில் போடும் காற்றுத் துளையிலிருந்து பம்ப் ஓடும்போது சிறிது நீர் பீச்சுவது இயல்பு என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். கசிவு என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைப்பவர்கள் உண்டு. அங்கேயும் இதே பழுதுதான் வரும், அப்போதும் பழி வாடிக்கையாளர் மேல்தான் விழும்.

நான் கேட்பவை இவை. புதிய பம்பைக் கட்டணமின்றித் தர வேண்டும். வால்வுக்குக் கீழே, நீர் சம்புக்குள்ளேயே விழும்படி சாய்வாகத் துளை போட வேண்டும். வால்வை அடுத்த முறை பைப்பை அறுக்காமல் கழற்றும்படி யூனியன் (திருகிக் கழற்றும் இணைப்பு) வைத்துப் பொருத்த வேண்டும். சம்புக்கு ஏற்ற ஃப்ளோட்டைப் போட்டு, ஆன், ஆஃப் மட்டங்களை அளந்து ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். கடைசியாக, நீர் ஊற்றி மூன்று முறை முழுச் சுற்று ஓட்டிக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும்.

பம்ப் இல்லாத சம்ப் ஒவ்வொரு மழைக்கும் கீழ்த்தளத்தை நனைக்கும் என்பதால் 7 நாட்களுக்குள் எழுத்துபூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். பதில் வராவிட்டால், உங்கள் ரிப்போர்ட்டையும் இந்தப் படங்களையும் சேர்த்து நுகர்வோர் குறைதீர்ப்பு ஆணையத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், வாரண்டி அட்டை, சர்வீஸ் ரிப்போர்ட், பைப் மற்றும் ஃப்ளோட் படங்கள்