கயிறு வாங்கத் தெரிந்த ஊரில் கேபிள் வாங்கத் தெரியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி வாங்கப் போகிறவர்களுக்கு நீங்கள் வெளியிட்ட யோசனைகளைப் படித்தேன். ராம் எவ்வளவு வேண்டும், கிராபிக்ஸ் கார்டு எது, மானிட்டர் எத்தனை அங்குலம் என்று எல்லாம் இருந்தது. சிபியுவையும் மானிட்டரையும் இணைக்கிற ஹெச்.டி.எம்.ஐ. கேபிளைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரி தெரியாமல் மூன்று வாரம் அலைந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கீழக்கரையில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோ எடிட்டிங்கும் ஆல்பம் டிசைனும்தான் பிழைப்பு. கடற்கரை ஊரில் உப்புக்காற்று சிபியுவுக்குள் புகுந்து போர்டை அரித்துவிடும். ஏற்கெனவே ஒன்றைப் பறிகொடுத்திருக்கிறேன். அதனால் புது சிபியுவை உள்ளே ஏ.சி. அறையில் வைத்துவிட்டு, வாடிக்கையாளர்கள் உட்கார்ந்து பார்க்கிற முன்னறையில் 4கே மானிட்டரை மாட்டினேன். நடுவில் 5 மீட்டர் கேபிள் தேவைப்பட்டது. ராமநாதபுரத்தில் ஒரு கடையில் வாங்கினேன். பெட்டியில் ‘வெர்ஷன் 2.1’, ‘8கே’, ‘அல்ட்ரா ஹெச்.டி.’, ‘24கே தங்க முலாம்’ என்று பக்கத்துக்குப் பக்கம் அச்சடித்திருந்தார்கள். இத்தனை கே இருக்கும்போது நம்முடைய 4கே எம்மாத்திரம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாட்டிய அன்றே தொல்லை ஆரம்பித்தது. 60 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 60 முறை படம் மாறுகிற மாதிரி வைத்தால் மணப்பெண் முகத்தில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும். இரண்டு விநாடி திரை இருண்டு, மறுபடி படம் வரும். 30 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் படம் நிற்கும், ஆனால் மவுஸ் அம்பு தத்தித் தத்திப் போகும். பெண் வீட்டார் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது இரண்டு முறை திரை இருண்டுபோனது. சர்வீஸ் செய்கிற தம்பி வந்து பார்த்துவிட்டு, ‘கார்டு போச்சுண்ணே’ என்று சொல்லிவிட்டார்.

கார்டுக்கு முன்பணம் கொடுக்கிறதுக்குள் சென்னையில் வேலை பார்க்கும் அக்கா மகன் தற்செயலாகப் போன் செய்தான். ‘பெட்டியை விடுங்க மாமா, கேபிள் உடம்புல என்ன அச்சடிச்சிருக்குன்னு வாசிங்க’ என்றான். கறுப்பு ரப்பர் மேல் சாம்பல் நிறத்தில் எறும்பு எழுத்து. நெகட்டிவ் பார்க்கிற பழைய லென்ஸை வைத்துத்தான் படிக்க முடிந்தது: ‘ஹை ஸ்பீடு ஹெச்.டி.எம்.ஐ. கேபிள்’. அவ்வளவுதான். அங்கே 2.1-ம் இல்லை, 8கேயும் இல்லை.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. ஹெச்.டி.எம்.ஐ.-யில் வெர்ஷன் எண் மானிட்டர், கார்டு போன்ற கருவிகளுக்குத்தான். கேபிளில் அந்த எண்ணை அச்சடிக்கவே கூடாது என்பது அந்தத் தொழில்நுட்பத்துக்கு உரிமம் தருகிற அமைப்பின் விதி. கேபிளுக்கு உள்ளது தரப்பெயர்; விநாடிக்கு எவ்வளவு தகவலைக் கடத்தும் என்பதை அது சொல்லும். ‘ஹை ஸ்பீடு’ என்றால் விநாடிக்கு 10.2 ஜிகாபிட், ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’ என்றால் 18, ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’ என்றால் 48. 2025-ல் 96 ஜிகாபிட்டுக்கு ‘அல்ட்ரா 96’ என்று இன்னொன்றும் வந்துவிட்டது. பிரீமியம் பெரிதா, அல்ட்ரா பெரிதா? கேட்டால் நம் ஊரில் பாதிப் பேர் பிரீமியம் என்றுதான் சொல்வார்கள். போதாததற்கு, ‘அல்ட்ரா ஹெச்.டி.’ என்பது படத்தின் அளவு, ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’ என்பது கேபிளின் தரம். முதல் பாதி ஒன்றாக இருப்பதால் பெட்டி அச்சடிப்பவருக்கு வசதியாகப் போய்விட்டது.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. 4கே திரையில் கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 24 பிட் என்று விநாடிக்கு 60 முறை அனுப்பினால் சுமார் 12 ஜிகாபிட். படத்துக்குப் படம் விடுகிற இடைவெளிகளும், அனுப்புவதற்காகச் சேர்க்கிற கூடுதல் பிட்டுகளும் சேர்ந்தால் 18-ஐ நெருங்கிவிடும். என் கேபிளின் தாங்குதிறன் 10.2. 30 ஹெர்ட்ஸில் சுமை பாதியாகிவிடுவதால் சமாளித்தது. நீளம் கூடக் கூட சிக்னல் தேயும் என்பதால் 5 மீட்டர் இன்னும் கெடுத்தது. இதுமாதிரி சாதாரண கேபிளுக்குத் தன்னால் இவ்வளவுதான் முடியும் என்று கணினியிடம் சொல்லவும் தெரியாது. அதனால் கணினி 60-ஐ அனுப்பிக்கொண்டே இருக்கும், நாம் கார்டைத் திட்டிக்கொண்டிருப்போம்.

தங்க முலாமைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் உப்புக்காற்றில் அது வீண் இல்லை, முனை களிம்பு பிடிக்காமல் காக்கும். ஆனால் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பெட்டியிலேயே பெரிய எழுத்து அதற்குத்தான்!

கணினியையும் மானிட்டரையும் இணைக்க டிஸ்ப்ளேபோர்ட் என்று இன்னொரு வகைக் கேபிளும் உண்டு. அந்த டிஸ்ப்ளேபோர்ட்காரர்கள் இதில் தேவலை. டிபி40, டிபி80 என்று ஜிகாபிட்டையே பெயராக வைத்தார்கள். 2024-ல் டிபி40-க்குப் பதிலாக டிபி54 வந்தது. ஆனால் கடையில் போய்க் கேட்டால் ‘1.4 இருக்கு, 2.1 இருக்கு’ என்றுதான் எடுத்துக் காட்டுகிறார்கள். டைப்-சி கதை தனி. துபாயிலிருந்து வந்த ஒருவர் லேப்டாப்பையும் அதன் சார்ஜர் கேபிளையும் கொண்டுவந்து, படம் ஏன் வரவில்லை என்று கேட்டார். சார்ஜுக்காகச் செய்த பல டைப்-சி கேபிள்களில் யு.எஸ்.பி. 2.0 கம்பிகள் மட்டுமே இருக்கும், விநாடிக்கு 480 மெகாபிட் வேகத்துக்கு; படத்தைக் கொண்டுபோகிற வேகமான கம்பிகள் இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே முகம்.

எங்கள் கரையில் கயிறு வாங்குகிறவர் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பார், வலை வாங்குகிறவர் கண்ணி அளவைக் கேட்பார். ‘அல்ட்ரா கயிறு, வெர்ஷன் 2’ என்று கொடுத்தால் கடைக்காரர் முகத்திலேயே வீசிவிட்டு வருவார்கள். அதே ஊர்க்காரனான நான்தான் கேபிள் கடையில் வாய் திறக்காமல் நின்றேன்.

பொட்டலப் பொருள்களில் விலை, இறக்குமதியாளர் முகவரி, மாதம், வருடம் எல்லாம் இருக்க வேண்டும் என்று 2011-ன் எடையளவு விதிகள் சொல்கின்றன. என் பெட்டியிலும் அதெல்லாம் ஒழுங்காகவே இருந்தது. ‘விநாடிக்கு இத்தனை ஜிகாபிட், இந்த நீளத்துக்கு’ என்று ஒரு வரியையும் கட்டாயமாக்கினால் போதும். பெட்டியில் மட்டும் இல்லாமல் கேபிள் உடம்பிலும், லென்ஸ் இல்லாமல் படிக்கிற எழுத்தில் இருக்க வேண்டும். ஏனென்றால் இங்கே பாதி கேபிள்கள் பெட்டியே இல்லாமல் ரப்பர் பேண்ட் போட்டுத் தொங்குகின்றன. பிரீமியம், அல்ட்ரா தரங்களுக்குப் போனில் ஸ்கேன் செய்து சரிபார்க்கிற முத்திரை ஒட்டி வரும். பெட்டியைத் தூக்கிப் போட்டால் அதுவும் போய்விடும்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாமே என்று கேட்பீர்கள். பில் வேண்டாம் என்று முப்பது ரூபாய் குறைத்து வாங்கிய புத்திசாலி நான்.

இப்போது சுவரில் துளை போட்டு, 2 மீட்டர் பிரீமியம் கேபிளில் 60 ஹெர்ட்ஸ் நிம்மதியாக ஓடுகிறது. பழைய கேபிளை சிசிடிவி மானிட்டருக்குப் போட்டிருக்கிறேன்; 1080-ல் ஒரு பிசகும் இல்லை. கேபிள் நல்ல கேபிள்தான், பெட்டிதான் பொய் சொன்னது. 10.2, 18, 48, 96 என்ற நான்கு எண்களையும் அவற்றின் பெயர்களோடு உங்கள் இதழில் ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். வெட்டி என் கடைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கீழக்கரை