அய்யனார் கோயில் திருப்பணி நிறைவு அறிக்கை

ஊர்ப் பெரியவர்களுக்கும் தலைக்கட்டுதாரர்களுக்கும் வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

அய்யன் அருளால் வேலை முடிந்தது. கருவறை, முன்மண்டப மராமத்து, மண் புரவிகளுக்குச் சுண்ணாம்பும் வர்ணமும், வடபுற மதில், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாரி தூர்வாரியது என்று ஒத்துக்கொண்டதில் பாக்கி எதுவும் இல்லை. வரவு செலவுக் கணக்கு மண்டபத் தூணில் ஒட்டியிருக்கிறது. ரசீதுகளை யார் கேட்டாலும் காட்டுகிறோம்.

குடமுழுக்குக்கு வந்தவர்கள் அதிகம் கேட்டது, மதில் ஏன் இரண்டு இடத்தில் நெளிந்து போகிறது என்பதைத்தான். கொத்தனாரைக் குறை சொல்ல வேண்டாம். நூல் பிடித்த இடத்தில் ஒரு பாலை மரமும் வீரைப் புதரும் நின்றன. சுற்றிக்கொண்டு போகச் சொன்னது நாங்கள்தான். அன்னதானக் கூடத்துக்காகக் கோயில்காட்டின் மூலையை வெட்டித் திருத்தலாம் என்று குழுவிலேயே சிலர் கேட்டார்கள். இரண்டு கூட்டம் அந்தச் சண்டையிலேயே போயிற்று. கடைசியில் கூடம் கட்டுவதையே தள்ளி வைத்தோம். அதில் மனத்தாங்கல் இன்னும் உண்டு.

காட்டை ஏன் விட்டோம் என்று எங்கள் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறோம். நம் புதுக்கோட்டைப் பக்கத்துப் பழைய நாட்டுப் பிரிவில், வெள்ளாற்றுக்கு வடக்கே கோனாடு, தெற்கே நாம் இருப்பது கானாடு. பெயரிலேயே கான், அதாவது காடு, இருக்கிறது. முன்னோர் காட்டை வெட்டித்தான் கண்மாய் கட்டினார்கள், வயல் எடுத்தார்கள். அவ்வளவையும் வெட்டியவர்கள் கண்மாய்க்கு மேலே இருக்கும் இந்தக் காட்டுத் துண்டை அய்யனுக்கென்று விட்டார்கள். சாமிக்குப் பயந்து விட்டது பாதி, கணக்குப் போட்டு விட்டது பாதி என்றே நினைக்கிறோம். வீரை, காசான், கிளா என்று அடர்ந்து கிடக்கும் தரையில் விழுகிற மழை மண்ணை அரிக்காமல் நிதானமாக வாரியில் இறங்குகிறது. அந்தக் கண்மாய்த் தண்ணீரில்தான் நமக்கு நெல். அதே கண்மாய் மண்ணில்தான், ஒரு பிடி மண் எடுத்துக் கொடுத்து வேலையை ஒப்படைக்கும் பிடிமண் சடங்கு முடிந்தபின், குயவரான வேளார் புரவி செய்கிறார். காட்டில் உதிர்ந்த சுள்ளி பொங்கல் அடுப்புக்கு மட்டும். வீட்டுக்கு ஒரு குச்சி போனதில்லை.

தைலமரக் காடு வந்த ஊர்களில் நடந்ததையும் பார்த்தோம். மழைத்தண்ணீர் வெளியே போகாமல் மரத்துக்கு மறித்து வரப்பு எடுத்ததில், கீழே கண்மாய்க்கு வரத்து அற்றுப்போனது. 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் அடித்தபோது நம் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. கோயில்காட்டில் ஓரத்து மரங்கள்தான் விழுந்தன. உள்ளே இருந்த குட்டை மரங்கள் அசையவில்லை.

அப்போது மரங்கள் விழுந்து கிடந்த இடத்தில் சீமைக்கருவேல் ஏறியிருந்தது. ஜேசிபியை உள்ளே விடாமல் ஆள் வைத்தே வேரோடு எடுத்ததால் கூலி கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே நாவலும் இலுப்பையும் நட்டிருக்கிறோம். சில கன்றுகள் பட்டுப்போயின; ஐப்பசி மழையில் மாற்றி நடுவோம். அதுவரை ஆட்டை அந்தப் பக்கம் ஓட்ட வேண்டாம். படம் எடுக்கப் போகும் பிள்ளைகள் செருப்பை வெளியே விட்டுப் போகவும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்