இறுகிப்போன சில்லுகள்: நண்பருக்கு ஒரு கடிதம்

யாழ்ப்பாணம்

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. பிறேக்கின் மாஸ்ரர் சிலிண்டரை (பெடலை மிதித்ததும் நான்கு சில்லுகளுக்கும் பிறேக் ஒயிலைத் தள்ளும் உறுப்பை) மாற்றிக் கொண்டுவந்த நாள் முதல், உமது மொறிஸ் மைனர் மூன்று நான்கு மைல் ஓடியதும் நான்கு சில்லுகளும் ஒருங்கே இறுகிக்கொள்கின்றன என்றும், அரைமணி நேரம் ஆறவிட்டால் தாமாகவே இளகிவிடுகின்றன என்றும் எழுதியிருந்தீர். இனி எல்லாச் சில்லுகளின் சிலிண்டர்களையும் மாற்றவேண்டும் என்று கராஜ்காரர் சொல்வதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பழைய எரிச்சலும் வந்தது. போன வருடம் நானும் அப்படித்தான் காசைக் கரைத்தேன்.

அந்தக் கதையை உமக்கு நான் எழுதவில்லை. பருத்தித்துறைக்குப் போகும் வழியில், வல்லை வெளியில், கார் வலப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தால் முன் வலச் சில்லில் கைவைக்க முடியாத சூடு. பிறேக் லைனிங் கருகும் மணம். நிழலுக்கு ஒரு மரமில்லாத இடத்தில் அது ஆறும்வரை நின்றேன். பிறகு அந்தச் சில்லின் இரண்டு சிலிண்டர்களையும் மாற்றினேன், ஷூக்களையும் (சில்லோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் கட்டைகளையும்) மாற்றினேன். ஒரு பயனும் இல்லை. கடைசியில் ஒரு நாள், சில்லு இறுகியிருந்த நிலையிலேயே ஜக் வைத்து உயர்த்தி, பிறேக் ஒயிலிலிருந்து காற்று எடுக்கும் நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்தினேன். ஒயில் பீறிட்டது, சில்லு உடனே சுழன்றது. அப்படியானால் ஷூவிலோ ஸ்பிறிங்கிலோ பிழையில்லை, அழுத்தந்தான் உள்ளே அடைபட்டிருக்கிறது. மறுபடி ஓட்டி இறுகவிட்டு, இம்முறை உருக்குக் குழாயும் றப்பர் ஹோஸும் சேரும் இடத்தைத் தளர்த்தினேன், சில்லு அசையவில்லை. ஆகவே அடைப்பு ஹோஸுக்குள்ளேதான். ஹோஸைக் கழற்றிக் கத்தியால் நெடுகப் பிளந்தேன். வெளியே ஒரு வெடிப்பும் இல்லை. உள்ளே றப்பர் ஊதி, துளை ஓர் ஈர்க்குக்கூடப் போகாத அளவுக்கு ஒடுங்கியிருந்தது. காலால் மிதிக்கும் வலு அதனூடாக ஒயிலைத் தள்ளிவிடும். அதைத் திருப்பியனுப்ப ஷூ ஸ்பிறிங்குகளின் வலு போதாது.

உமது காரின் நோய் அதுவல்ல. ஒரு சில்லு மட்டும் இறுகினால் அந்தச் சில்லையும் அதன் ஹோஸையும் பார்க்கவேண்டும். பின் இரண்டும் சேர்ந்து இறுகினால் பின்பக்கம் போகும் ஒற்றை ஹோஸைச் சந்தேகிக்கலாம். நான்கும் ஒன்றாக இறுகினால், நான்குக்கும் பொதுவான இடம் மாஸ்ரர் சிலிண்டர்தான். காலை எடுத்ததும் அதனுள்ளிருக்கும் றப்பர் கப் முழுவதும் பின்வாங்கி, தனக்கு முன்னாலுள்ள ஊசித்துளையைத் திறந்துவிட வேண்டும். சூட்டில் விரியும் ஒயில் தாங்கிக்குத் திரும்புவதற்கு வேறு வழியில்லை. கப் சரியாகப் பின்வாங்காவிட்டாலோ, ஊதிப் பெருத்து அத்துளையை மூடிக்கொண்டாலோ, ஓட ஓட இறுகும், ஆற இளகும். நீர் எழுதியதும் இதையேதான்.

எனவே கராஜுக்குப் போகுமுன் இரண்டு காரியம் செய்யும். முதலாவது, பிறேக் பெடலை விரலால் மெல்ல அழுத்திப் பாரும். பெடலோடு சேர்ந்த தள்ளுகம்பி, மாஸ்ரர் சிலிண்டருக்குள் கப்பைத் தள்ளும் பிஸ்ரனைத் தொடுமுன் சிறிது வெறுமனே அசையவேண்டும். அசையாவிட்டால், கம்பி பிஸ்ரனை எந்நேரமும் தள்ளிப்பிடித்திருக்கிறது என்று பொருள். தடித்த கம்பளமோ தளர்ந்த பெடல் ஸ்பிறிங்கோகூட அதைச் செய்யும். இரண்டாவது, சாரதியின் காலடியில் உள்ள ஒயில் தாங்கியின் மூடியைத் திறந்து (சுற்றிவரத் துடைத்துவிட்டுத் திறவும், எங்கள் புழுதி முழுவதும் அங்கேதான் குடியிருக்கும்) சிறிது ஒயிலை எடுத்து, ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் விட்டுப் பாரும். டொட் 3, டொட் 4 வகை பிறேக் ஒயில் தண்ணீரோடு கலந்துவிடும். மேலே மிதந்தால் பெரும்பாலும் யாரோ எஞ்சின் ஒயிலையோ அதுபோன்ற வேறொன்றையோ விட்டிருக்கிறார்கள். அந்த ஒயிலில் எங்கள் காரின் றப்பர் எல்லாம் ஊதிவிடும். அப்படியானால் கராஜ்காரர் சொன்னது தற்செயலாகச் சரியாகிவிடும்: குழாய்களை ஸ்பிரிற்றால் கழுவி, கப்புகளும் ஹோஸ்கள் மூன்றும் உட்பட றப்பர் அனைத்தையும் மாற்றத்தான் வேண்டும்.

மாஸ்ரர் சிலிண்டரைத் திரும்பக் கழற்றச் சொன்னால் அவர் முணுமுணுப்பார். அவரைக் குறைசொல்லவும் முடியாது. காரின் அடிச்சட்டத்துக்குள் அதைப் புதைத்து, அதன் போல்ற்றுகளுக்குக் குறுக்கே ரோர்ஷன் பாரையும் (ஸ்பிறிங்காக முறுகும் உருக்குக் கம்பியையும்) ஓடவிட்டவர்கள் இங்கிலாந்திலே இருந்தார்கள், நிலத்தில் மல்லாந்து கிடந்து அதைக் கழற்றுகிறவர் இங்கே இருக்கிறார்.

அதுவரை காரை வெளியே எடுக்காதீர். எங்கள் காரில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே ஒயில் வழிதான். ஓரிடத்தில் விட்டுப்போனால் மிஞ்சுவது கைப்பிறேக் மட்டுமே. வேலை முடிந்தபின் முதலில் ஷூக்களை டிரம்மோடு உரசாத அளவுக்கு நெருக்கிவிட்டு, அதன் பிறகு தொலைவிலுள்ள பின் சில்லிலிருந்து காற்றை எடுக்கச் சொல்லும். ஷூ தளர்ந்திருக்கும்போது பெடல் எப்படியும் தாழ்ந்துதான் போகும். அதைக் காற்று என்று நினைத்து ஒரு போத்தல் ஒயிலை வீணாக்கிய அனுபவம் எனக்கு உண்டு.

முன் ஹோஸ்களைச் சோடியாக வாங்கியதில் ஒன்று என்னிடம் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. குவளைத் தண்ணீரில் என்ன கண்டீர் என்று எழுதும். தேவையென்றால் அடுத்த பஸ்ஸில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
உமது பழைய நண்பன்