ஆண்டறிக்கை: ஏப்ரல் முதல் மார்ச் வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். முதுமலைக் காட்டோரத்தில் இயங்கும் நம் இயற்கை ஆர்வலர் மன்றத்தின் ஓராண்டுப் பணிகளைச் செயலாளர் என்ற முறையில் முன்வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் 12-இல் 9 நடந்தன. ஜூனில் பள்ளி வளாகத்தில் மரக்கன்று நட்டோம். சாலையோரம் பிளாஸ்டிக் பொறுக்கும் பணி 2 முறை நடந்தது. பொங்கல் போட்டிகள் வழக்கம்போல.

இந்த ஆண்டின் முக்கிய வேலை, ஆண் யானைகளுக்கு மதம் பிடிக்கும் காலத்தைக் குறித்துவைக்கும் மதக் குறிப்பேடு. சென்ற பொதுக்குழுவில் நான் முன்மொழிந்து, நீங்கள் கைதட்டி ஏற்றுக்கொண்டது. சாலையிலிருந்து கண்ணில் படும் ஆண் யானைகளின் கன்னம் காய்ந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, ஒழுகுகிறதா என்று தேதி போட்டு எழுதுவதுதான் வேலை. வண்டியை விட்டு யாரும் இறங்கக்கூடாது என்பது முதல் விதி.

ஆகஸ்ட் கூட்டத்துக்கு வந்த ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், கரும்பலகையில் யானைத் தலையை வரைந்து காட்டினார். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே, தோலுக்கு அடியில் இருக்கிறது மதநீர் சுரக்கும் சுரப்பி. வியர்வைச் சுரப்பி ஒன்று பெரிதாகி உருமாறியது போன்ற அமைப்பு. யானைகளைத் தவிர வேறு எந்த விலங்குக்கும் இது கிடையாது. மதம் வரும்போது ஆணின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் பல மடங்கு ஏறுகிறது. சுரப்பி வீங்கி, நீர் கன்னத்தில் கோடாக இறங்கி வாய்வரை வரும். கூடவே சிறுநீரும் சொட்டிப் பின்னங்கால்களின் உட்புறம் நனைந்துகொண்டே இருக்கும். குளிர்நாட்டு மான்களுக்குப் போல எல்லாருக்கும் ஒரே பருவம் இல்லை, ஒவ்வொரு ஆணுக்கும் தனித்தனிக் காலம். உடம்பு இளைத்த யானைக்கு மதம் சீக்கிரம் வற்றிவிடும்.

அன்று வந்திருந்த பாகன் ஒருவர், "இளசு மஸ்துல தேன் வாசம் அடிக்கும், பெருசு பக்கம் மூக்கை நீட்ட முடியாது" என்றார். மதத்தைத்தான் அவர் மஸ்து என்கிறார். சிலர் சிரித்தார்கள். எனக்கு அது வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அவர் சொன்னது அப்படியே உண்மை. 2002-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு இதையேதான் சொல்கிறது. அதை எழுதியவர்களில் ஒருவர் தமிழ்நாடு வனத்துறையில் யானை மருத்துவராக இருந்த வி. கிருஷ்ணமூர்த்தி. மதநீரில் தேன் தேடும் வண்டு மொய்ப்பதாக நம் பழம்புலவர்கள் பாடியதும் வெறும் அலங்காரம் இல்லை. வயது ஏற ஏற ஃப்ரண்டாலின் என்ற பொருள் அதில் கூடுகிறது. பைன் மரப்பட்டையைத் துளைக்கும் ஒருவகை வண்டும் தன் இனத்தை அழைக்க இதே பொருளைத்தான் விடுகிறது. மற்ற யானைகள் இந்த வாசனையை வைத்தே எதிரில் வருவது பொடியனா, முழு ஆளா என்று தெரிந்துகொண்டு வழிவிடுகின்றன.

குறிப்பேட்டில் மொத்தம் 31 பதிவுகள். அதில் 19 என்னுடையவை. 7 பதிவுகள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதியவை. அவற்றில் ஒன்று யானையைப் பற்றியது அல்ல: கடமானின் கண்ணோரச் சுரப்பி விரிந்ததைப் பார்த்து, "இன்னொரு கண் திறந்த மாதிரி இருந்தது" என்று எழுதியிருக்கிறார். கடமான் மிரண்டாலும் அப்படித் திறக்கும் என்பதால் அதை வைத்து மட்டும் இணைசேரும் பருவம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அருமையான பதிவு.

இப்போது சொல்லியே ஆக வேண்டியது. அக்டோபர், நவம்பர் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. அந்த இரண்டு மாதமும் நான் அம்மாவின் சிகிச்சைக்காகக் கோவையில் இருந்தேன். பெயர் கொடுத்த 4 உறுப்பினர்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. டிசம்பர் 6 அன்று இடது காது கிழிந்த கொம்பனைப் பார்த்தபோது கன்னம் ஏற்கெனவே ஒழுகிக்கொண்டிருந்தது. எப்போது தொடங்கியது? தெரியாது. பிப்ரவரி நடுவில் காய்ந்துவிட்டது. முடிந்த தேதி கையில் இருக்கிறது, தொடங்கிய தேதி இல்லை. பருவத்தைக் கணக்கெடுக்கும் வேலையில் இரண்டு மாத இடைவெளி என்பது முழு ஆண்டும் போனதற்குச் சமம். யாரையும் புண்படுத்த இதை எழுதவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் "கன்னம் நனைந்திருந்தால் திரும்பிப் போங்கள்" என்ற படப்பலகை வைத்தோம். விடியற்காலையில் பால் கொண்டுபோகிறவர்கள் நின்று படிக்கிறார்கள்.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் உள்ளது. கையிருப்பு கொஞ்சம் இருக்கிறது, இரண்டாவது பலகைக்குப் போதாது. 64 உறுப்பினர்களில் 23 பேர்தான் சந்தா கட்டியிருக்கிறார்கள். சந்தா 300 ரூபாய்தான்.

தலைவர், பொருளாளர், கூட்டத்துக்கு இடம் தந்த பள்ளி நிர்வாகம், தேநீர் கொடுத்த கடைக்காரர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் செயலாளராக இருக்கச் சொன்னால் இருக்கிறேன். ஆனால் அம்மாவை விட்டு வாரம் மூன்று நாள் வெளியே போக என்னால் இனி முடியாது. அக்டோபர் முதல் வாரத்திலிருந்து சாலையில் யாராவது இருக்க வேண்டும், அந்தக் கொம்பன் மறுபடி வரும். குறிப்பேடு எங்கள் வீட்டு முன்னறை மேசையில் இருக்கிறது. மாலை 6 மணிக்கு மேல் யார் வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செயலாளர்