ஸ்லாபை மாற்றும் முன்

அன்புள்ள முரளி,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருப்பது பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். படிவத்தைப் பூர்த்தி செய்து வைத்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். பெட்டியை ஒட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடு.

பின்பக்கம் மணி பொறித்த அந்த ஏழு அமெரிக்க பிராங்க்ளின் அரை டாலர்களையும் என்ஜிசியிலிருந்து பிசிஜிஎஸ்ஸுக்கு மாற்றப்போகிறாய் என்கிறாய். இரண்டுமே காசுக்குத் தர எண், அதாவது கிரேடு, போட்டு ஸ்லாப் என்ற கெட்டி பிளாஸ்டிக் உறையில் மூடித் தரும் நிறுவனங்கள்தான். ஏழையும் மொத்தமாக அனுப்பாதே. பிசிஜிஎஸ் ரெஜிஸ்ட்ரியில், அதாவது சேகரிப்புகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் அவர்கள் பட்டியலில், செட் சேர்க்க வேண்டுமென்றால் அவர்களுடைய ஸ்லாப் இருந்தே ஆகவேண்டும், அது நியாயமான காரணம். விலை கூடும் என்பது மட்டுமே காரணமானால், ஒவ்வொரு காசுக்கும் தனித்தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும்.

அந்தப் படிவத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது குறைந்தபட்ச கிரேடு என்ற கட்டம்தான். க்ராஸ்ஓவர் சேவையில் காசைப் பழைய ஸ்லாபுக்குள் வைத்தபடியே பார்ப்பார்கள். நீ எழுதிய கிரேடோ அதற்கு மேலோ தேறும் என்று பட்டால்தான் ஸ்லாபை உடைப்பார்கள். தேறாவிட்டால் அனுப்பியபடியே திரும்பி வரும். கட்டணம் மட்டும் திரும்பாது. பேச்சுக்கு, தபாலும் சேர்த்துக் காசுக்கு 60 டாலர் ஆகிறது என்று வை. ஏழு அனுப்பி மூன்று மாறினால் மொத்தச் செலவு 420. மாறிய ஒவ்வொரு காசின் தலையிலும் 140 விழுகிறது. அதே ஆண்டு, அதே கிரேடுக்கு இரண்டு ஸ்லாபிலும் ஏலத்தில் போன விலைகளை எடுத்துப் பார். கேட்ட விலை வேண்டாம், விற்ற விலையைப் பார். வித்தியாசம் 140-ஐத் தாண்டாத காசு இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

சிலர் எம்எஸ்-65 காசுக்கு (புழங்காத காசுக்கு 60 முதல் 70 வரை தரும் எண்ணில் 65), எப்படியாவது மாறட்டும் என்று அந்தக் கட்டத்தில் 64 போட்டுவிடுவார்கள். 64 என்று வந்தால் பழைய 65 போனது போனதுதான். இரண்டு கிரேடுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் ஆண்டுகளுக்கு மட்டுமே அது சரி.

இனி மணிக்கோடுகள். பிராங்க்ளினில் எண்ணைவிட எஃப்பிஎல்தான், அதாவது மணியின் குறுக்குக் கோடுகள் அறுபடாமல் முழுசாக இருக்கின்றன என்ற குறிதான், பல ஆண்டுகளுக்கு விலையைத் தூக்குகிறது. பிசிஜிஎஸ் மணியின் கீழ்த் தொகுதிக் கோடுகளை மட்டுமே பார்க்கும். என்ஜிசிக்கு மேல் தொகுதியும் கீழ்த் தொகுதியும் இரண்டுமே முழுசாக இருக்கவேண்டும். ஆகவே என்ஜிசி எஃப்பிஎல் கொடுக்காத காசிலும் பிசிஜிஎஸ் கணக்குக்குத் தேறக்கூடியது இருக்கும். எதிர்த் திசையில் மாற்றுகிறவர்கள் எஃப்பிஎல்லை இழப்பதும் இதனால்தான்.

டென்வர் நாணயச்சாலையில் அடித்த உன் 1957-டி அப்படிப்பட்ட காசாக இருக்கலாம். ஐந்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பை எடு, ஒற்றை விளக்கைச் சாய்வாக வை, மணியின் அடிப்பக்கத்தை மட்டும் இடமிருந்து வலமாகப் பார். மணியின் விரிசல் கோடுகளைக் கடப்பது வடிவமைப்பிலேயே உள்ளது, அதை விட்டுவிடு. மற்ற இடங்களில் கோடு கரைந்திருந்தால் அச்சு சரியாக விழவில்லை என்று அர்த்தம். கரையாமல் வெட்டுப்பட்டிருந்தால் மூட்டையில் வேறு காசு இடித்த தழும்பு. இரண்டுமே எஃப்பிஎல்லைக் கெடுக்கும். ஸ்லாபை மெல்லத் திருப்பிப் பார். ஒரே கோணத்தில் முழுசாகத் தெரியும் கோடு இன்னொரு கோணத்தில் அறுந்திருக்கும். 1953-எஸ்ஸைத் தொடவே வேண்டாம். அந்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோ காசில் கோடு முழுசாக இருப்பது மிக அபூர்வம், உன் படத்தில் நடுப்பகுதி முழுக்கக் கரைந்திருக்கிறது. எஃப்பிஎல் உள்ள காசுக்குக் குறைந்தபட்சக் கட்டத்தில் எண்ணை மட்டும் எழுதாதே, "65 எஃப்பிஎல்" என்றே எழுது.

1949-எஸ் மீது பச்சை சிஏசி ஸ்டிக்கர் இருக்கிறதே, போட்ட கிரேடுக்குக் காசு தகுதியானதுதான் என்று இன்னொரு நிறுவனம் தரும் சான்று அது, அந்தக் காசை ஏன் பட்டியலில் சேர்த்தாய்? ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது ஸ்லாபில். ஸ்லாப் உடைந்தால் அதுவும் போச்சு. புது ஸ்லாபை மறுபடி சிஏசிக்கு அனுப்பி மறுபடி பணம் கட்டவேண்டும். சிஏசியை 2007-ல் தொடங்கிய ஜான் அல்பனீஸ்தான் 1987-ல் என்ஜிசியையும் தொடங்கியவர். 2023-லிருந்து சிஏசி தானே கிரேடிங்கும் செய்கிறது. அந்த வழியை வேண்டுமானால் பிறகு யோசிக்கலாம். நட்சத்திரம் போட்ட காசும் இதே கதிதான். அது கண்ணுக்கு அழகான காசுக்கு என்ஜிசி தரும் குறி, பிசிஜிஎஸ் லேபிளில் அதற்கு இடமில்லை.

மாறாமல் திரும்புவதற்குக் காசே எப்போதும் காரணமல்ல. பிளாஸ்டிக்கில் உள்ள கீறல் பார்ப்பவர் கண்ணுக்குக் காசின் மேல் ஓடும் முடிக்கீறலாகத் தெரியும். ஸ்லாபுக்குள் காசைப் பிடித்திருக்கும் வளையம் விளிம்பை மறைக்கும். மறைந்த இடத்தில் அடியோ அரமோ பட்டிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் வேண்டாம் என்றே முடிவெடுப்பார்கள். வளையத்தை நாம் ஒன்றும் செய்யமுடியாது, கீறலைச் செய்யலாம். பிளாஸ்டிக் பாலிஷ் இரண்டு சொட்டு மைக்ரோஃபைபர் துணியில் விட்டு, முன்னும் பின்னும் சின்ன வட்டமாகத் தேய். இணைப்பு ஓரத்தில் ஈரம் போகக்கூடாது.

நீயே உடைத்து வெறும் காசாக அனுப்பினால் நல்ல கிரேடு வரும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். சில சமயம் வரும். ஆனால் உடைத்த நிமிடமே பழைய கிரேடும் அதன் உத்தரவாதமும் போய்விடும். சுத்தம் செய்த காசு என்று 92 குறியீட்டோடு திரும்பினால் விலை பாதிக்கும் கீழே போகலாம், முறையிட இடமில்லை. உன் காசுகளுக்கு இது வேண்டாம். என்றைக்காவது உடைக்க நேர்ந்தால் ஸ்லாபைத் தடித்த துண்டில் சுற்றி, காசுக்கு எட்ட இருக்கும் மூலையில் கட்டிங் பிளேயரால் நெரி. கண்ணாடி போட்டுக்கொள். காசை விளிம்பில் மட்டும் பிடி. மைலார் உறையில் போடு. மெத்தென்ற பிவிசி உறையில் நாளாக ஆகப் பச்சைப் பிசின் படியும். பழைய லேபிளை என்ஜிசிக்கே அனுப்பிவிடு. அனுப்பாவிட்டால் அவர்கள் எண்ணிக்கைப் பட்டியலில் இல்லாத காசு இருப்பதாகவே நிற்கும், அதை நம்பி விலை போடுகிறவர்கள் ஏமாறுவார்கள்.

கட்டுவது சுலபம். சான்று எண் தெரிய இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள். ஒவ்வொரு ஸ்லாபையும் தனி உறையில் போடு, ஒன்றோடொன்று உரசக்கூடாது. சின்னப் பெட்டியைப் பெரிய பெட்டிக்குள் ஆடாமல் வை. வெளியே காசு என்று தெரியும்படி எதுவும் எழுதாதே. அமெரிக்கப் பதிவுத் தபாலில் 50,000 டாலர் வரை காப்பீடு உண்டு. ஆனால் இணைப்புகளை நனைத்து ஒட்டும் காகித டேப்பால்தான் மூடவேண்டும், அதன் மேல்தான் அஞ்சல் முத்திரை குத்துவார்கள். பளபளப்பான டேப் போட்டால் கவுன்ட்டரிலேயே திருப்பிவிடுவார்கள்.

சென்னையில் மாமா வைத்திருக்கும் 1862 விக்டோரியா ரூபாயை அங்கிருந்து அனுப்பச் சொல்லாதே. இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு தாண்டிய காசு தொல்பொருள், தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது. தபாலில் போட்டாலும் குற்றம், பையில் கொண்டுவந்தாலும் குற்றம்.

1957-டி-யை மட்டும் சாய்ந்த வெளிச்சத்தில் மறுபடி படம் எடுத்து அனுப்பு. மணியின் அடிப்பக்கம் போதும்.

அன்புடன்,
கண்ணன்