கறவைமாடு வளர்ப்போர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். நான் சொல்ல வேண்டியது பெரும்பாலும் ஊசிப் புத்தகத்தைப் பற்றித்தான்.

ஆடி மாதம் ஒருநாள் காலை, டீக்கடை அக்கா தூக்குவாளியோடு சொசைட்டி வாசலில் வந்து நின்றார். இரவு உறை ஊற்றிய பால் விடிந்தும் பாலாகவே கிடந்தது. உறைமோர் சரியில்லை என்று சமாதானம் சொல்லி அனுப்பினோம். மறுநாளும் அதே கதை. விசாரித்ததில் அந்தப் பால் என் வீட்டுத் தொழுவத்திலிருந்து போனது. மடிநோய்க்கு ஊசி போட்டிருந்தோம். டாக்டர் சொன்ன நாள் கணக்கு முடியும் முன்பே பாலை ஊற்றிவிட்டோம். உறைமோரின் நுண்ணுயிரைக்கூட வளர விடாத அளவுக்கு அதில் மருந்து இருந்திருக்கிறது. செயலாளர் வீட்டு மாடு என்றே மினிட்ஸில் எழுதச் சொன்னேன்.

அப்புறம்தான் புத்தகம் வந்தது. காதுவில்லையின் 12 இலக்க எண், மருந்தின் பெயர், எந்தத் தேதி வரை பால் ஊற்றக்கூடாது, அவ்வளவுதான். முதல் இரண்டு மாதம் ஒருவரும் எழுதவில்லை. எழுதினால் பால் காசு போகுமே, யார் எழுதுவார்? எழுதியவர்களுக்கு மட்டும் தீவனக் கடனைத் தள்ளிவைத்தோம். பக்கங்கள் நிரம்ப ஆரம்பித்தன.

புத்தகத்தைப் புரட்டிய கால்நடை டாக்டர் இரண்டு கிருமிக்கொல்லி மருந்துகளின் பெயர்களுக்கு அடிக்கோடிட்டார். ஒன்று செஃப்ட்ரியாக்சோன், நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஏற்றுவதும் அதே மருந்து. இன்னொன்று என்ரோஃப்ளாக்சசின், மாட்டின் உடம்புக்குள் போனதும் அதில் ஒரு பகுதி, மனிதருக்குக் கொடுக்கும் சிப்ரோஃப்ளாக்சசினாக மாறுகிறது. மாட்டிடம் இந்த மருந்துக்குப் பழகிய கிருமி சாணியிலும் கறப்பவர் கையிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். மருந்துக்கடைக்காரர் இப்படிப்பட்ட மருந்துகளுக்கு 2014 முதல் தனிப் பதிவேடு வைத்திருக்கிறார். நாம் பத்து வருடம் பிந்திவிட்டோம்.

கோழி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கொலிஸ்டின் என்ற கிருமிக்கொல்லி மருந்து 2019 முதல் கால்நடைக்குத் தடை. பழைய பொட்டலம் இருந்தால் கொடுக்காதீர்கள்.

மடி வீக்கத்தின் தொடக்கத்திலேயே சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50, சுண்ணாம்பு 15 என்று அரைத்துத் தடவும் முறையைச் சிலர் செய்து பார்த்தார்கள். சிலருக்குக் கேட்டது, முற்றிய பிறகு தடவியவர்களுக்குக் கேட்கவில்லை.

கன்று வீச்சு நோய்க்கான (புருசெல்லோசிஸ்) தடுப்பூசி 4 முதல் 8 மாதக் கிடேரிகளுக்குப் போடப்பட்டது. கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்த நோய் மனிதருக்கும் காய்ச்சலாக வரும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஊற்றக்கூடாத பாலைக் கன்றுக்குக் கொடுக்காதீர்கள் என்றோம். சரி, எங்கே கொட்டுவது? இப்போது சாக்கடைக்குப் போகிறது, அங்கிருந்து குளத்துக்கு. வழி கேட்டுக் கால்நடைத் துறைக்கு எழுதியிருக்கிறோம். பதில் வரவில்லை.

புத்தகம் சொசைட்டி மேசையில் இருக்கிறது. சணலில் கட்டிய பேனா மூன்று முறை காணாமல் போனது. நாலாவது பேனாவின் செலவு கணக்கில் உண்டு.

இப்படிக்கு,
செயலாளர்